ஆயுத பூஜை எண்ணெய்

மாசிலாமணி கடைசியாகத் தன் மனைவி அஞ்சுகத்தை உயிரோடு பார்த்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஊட்டியில், ஆஸ்பத்திரி வாசலில், காரின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பழைய கார். காலடியில் ஹீட்டர் விசிறி கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு அவள் ஒரு பெயர் வைத்திருந்தாள்.

"உங்க அத்தைக்கு இன்னைக்கு நல்ல தொண்டை" என்றாள்.

சக்கர நாற்காலி வந்தது. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கினாள். நாலடி தள்ளிப் போனதும் கழுத்தை மட்டும் திருப்பினாள்.

"அத்தையை நிறுத்திடாதீங்க. நான் திரும்பி வரும்போது வண்டி சூடா இருக்கணும்."

மாசிலாமணி நிறுத்தவில்லை. என்ஜினை ஓடவிட்டு, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, மூன்று மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒரு நர்ஸ் வந்து கண்ணாடியைத் தட்டியபோதும் விசிறி கத்திக்கொண்டுதான் இருந்தது. அந்தச் சத்தத்தில் நர்ஸ் சொன்னது அவர் காதில் விழவில்லை. அந்தப் பெண் இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு மார்கழி போய்விட்டது.

மூன்றாவது மார்கழிக்குச் சில மாதம் முன்னால் அந்த முன்சீட்டில் ஜெயசீலி டீச்சர் உட்கார்ந்தார். கோத்தகிரியில் மாசிலாமணிக்குப் பக்கத்து வீடு. நர்சரிப் பள்ளி ஆசிரியை, ஐம்பத்திரண்டு வயது, தனிக்கட்டை. அஞ்சுகத்துக்கு இருந்த அதே சிறுநீரகக் கோளாறு. திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அதே ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால்தான் ஏழு மணிக்குப் படுக்கை கிடைக்கும்.

"பஸ்ஸுல எதுக்கு டீச்சர் கஷ்டப்படறீங்க? வண்டி சும்மாத்தானே நிக்குது" என்று அவர்தான் கூப்பிட்டார்.

கார்த்திகை வரைக்கும் பிரச்சினை இல்லை. மார்கழி பிறந்ததும் அத்தை மக்கர் செய்ய ஆரம்பித்தாள். விடியற்காலையில் சுவிட்சைப் போட்டால் ஒரு கீச்சு. அவ்வளவுதான், விசிறி சிக்கிக்கொள்ளும். வெயில் நன்றாக ஏறிய பிறகு எதுவுமே நடக்காததுபோலச் சுற்றும். மூடுபனி நாளென்றால் போகும்போதும் இல்லை, வரும்போதும் இல்லை.

டீச்சர் கம்பளி மேல் கம்பளி போட்டுக்கொண்டு வருவார். மடியில் வெந்நீர்ப் பை. பாதி வழியில் அதுவும் ஆறிப்போகும். பல் கிட்டித்துப் பேச்சு நின்றுவிடும்.

போன வெள்ளிக்கிழமை அவர் கதவைப் பாதிதான் திறந்தார்.

"இன்னைக்கு விட்டுடலாங்க அண்ணே. திங்கக்கிழமை போய்க்கலாம். எலும்புக்குள்ள குளிருது."

"ஒரு நாள்கூட விடக் கூடாது டீச்சர்."

"ஒண்ணுதானே."

மாசிலாமணி என்ஜினை அணைத்தார். அஞ்சுகமும் முதலில் ஒன்றைத்தான் விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சரின் கால் வீங்கியிருந்தது. திங்கட்கிழமை போய்விட்டு வந்தார். இறங்கும்போது, "இந்த வெள்ளிக்கிழமை எப்படியோ, அப்பப் பார்க்கலாம்" என்றார்.

மாசிலாமணிக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் நேரம் இருந்தது.

அவர் தேயிலை ஃபேக்டரியில் ஸ்டோர் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ரேடியோவிலிருந்து குழாய் வரைக்கும் எல்லாவற்றையும் தானே பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். ஃப்யூஸ் மாற்றினார். சுவிட்ச் மாற்றினார். வயரைச் சுரண்டிப் புதிதாக இணைத்தார். விசிறி அசையவில்லை. இரண்டு மெக்கானிக்குகள் பார்த்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்கள்: இந்த வண்டிக்கு இனி மோட்டார் வராது, வண்டியைத் தள்ளிவிடுங்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவர் பூரணியிடம் போனார்.

பூரணி கீழ் பஜாரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவள். ஃபேக்டரி மோட்டார், தண்ணி மோட்டார், மிக்சி, கிரைண்டர் எல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். வயது முப்பத்தெட்டு. ஊரில் எல்லோருக்கும் அவள் மேஸ்திரி.

"வண்டியை விட்டுட்டுப் போங்க ஐயா. நாளைக்குச் சாயங்காலம் வந்து எடுத்துக்கங்க."

"விட்டுட்டுப் போக வரல மேஸ்திரி. சொல்லிக்கொடுங்க. நானே செய்யறேன்."

"எதுக்குங்க?"

"நான் பார்த்துக்கிட்டே இருந்து கெடவிட்டது. நானே சரி பண்ணணும்."

அவள் கையிலிருந்த செம்புக் கம்பியைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு என்ன வயசுங்க?"

"அறுபத்தாறு."

"எங்கப்பாவுக்கு இப்ப இருந்தா அறுபத்தஞ்சு. எனக்குத் திட்டாம சொல்லிக்கொடுக்க வராதுங்க."

"திட்டுங்க. என் வீட்டுக்காரிக்கும் திட்டாம சொல்லிக்கொடுக்க வராது."

பூரணி சிரித்துவிட்டாள். வெளியே வந்து காரில் உட்கார்ந்து சுவிட்சைப் போட்டாள். நல்ல வெயில். விசிறி கீச்சிட்டபடி சுற்றியது.

"ஓடுதுங்களே."

"இங்க ஓடும் மேஸ்திரி. டாக்டரைப் பார்த்ததும் இருமல் நின்னுடற ஆளு மாதிரி."

"அப்ப இருமற நேரத்துல கொண்டு வாங்க. காலைல ஆறு மணி."

"உங்களுக்குக் கஷ்டமில்லையா?"

"கஷ்டந்தான். அதுக்குச் சேர்த்து நாளைக்குத் திட்டறேன்."

புதன்கிழமை காலை ஆறு மணி. பஜாரில் டீக்கடை மட்டும் திறந்திருந்தது. பூரணி குல்லாய் போட்டுக்கொண்டு நின்றாள். மாசிலாமணி ஒரு கையில் ஸ்க்ரூடிரைவரும் இன்னொரு கையில் கருவிப் பெட்டியுமாக இறங்கினார்.

"எதுக்கு இவ்வளவு ஆயுதம்? திறக்கப்போறீங்களா?"

"திறக்காம எப்படி?"

"முதல்ல கேளுங்க. ஸ்க்ரூடிரைவர் முனையை மோட்டார் மேல வைங்க. பிடியைக் காதுக்குப் பின்னாடி எலும்புல அழுத்துங்க. நான் சுவிட்சைப் போடறேன்."

அவர் முன்சீட்டுக்குக் கீழே குனிந்து, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டார். முதுகு முனகியது. அவள் சுவிட்சைப் போட்டாள்.

ஒரு கீச்சு. நின்றது.

"என்ன கேக்குது?"

"அழற மாதிரி இருக்கு."

"மாதிரி வேண்டாம். மறுபடியும்."

கீச்சு. நின்றது.

"இப்ப?"

"அத்தை மாதிரிதான்…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"யாரு அத்தை?"

டேஷ்போர்டுக்கு அடியில் படுத்தபடியே அவர் சொன்னார். அஞ்சுகம் வைத்த பெயர், ஆஸ்பத்திரி வாசல், மூன்று மணி நேரம், நர்ஸ் இரண்டு தரம் சொன்னது, இப்போது டீச்சரின் வெள்ளிக்கிழமை. முகம் தெரியாத இடத்தில் இருந்ததால் சொல்ல முடிந்தது.

அவர் முடித்ததும் பூரணி கேட்டாள்.

"அந்த மூணு மணி நேரமும் இந்தச் சத்தத்தைக் கேட்டீங்களா?"

"கேட்டேனே. அதைத் தவிர வேற என்ன இருந்தது?"

"அப்ப சொல்லுங்க. முன்னால இருந்து வருதா, பின்னால இருந்தா?"

அவர் ஸ்க்ரூடிரைவர் பிடியை மறுபடி காதுக்குப் பின்னால் அழுத்தினார்.

"ஐயா, நீங்க அத்தையைக் கேட்டிருக்கீங்க. மோட்டாரைக் கேக்கல. மறுபடியும்."

பதினோராவது கீச்சில் அவர் ஸ்க்ரூடிரைவரை இடம் மாற்றினார். பதினான்காவதில் இன்னொரு முறை மாற்றினார்.

"பின்னால" என்றார். "விசிறி இருக்கற பக்கம் சுத்தமா இருக்கு. அந்தப் பக்கம், மூடிக்குக் கிட்ட. இரும்பும் இரும்பும் உரசலை. ஏதோ ஒட்டிப் பிடிச்சு இழுக்குது."

"இப்ப ஒரு சேதி சொன்னீங்க. திறங்க."

திறப்பதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. மூன்று திருகாணிகள் துருவேறிப்போயிருந்தன. ஒன்று கைதவறி விழுந்து கம்பளத்துக்குள் ஒளிந்துகொண்டது. பூரணி வாக்குத் தவறாமல் திட்டினாள்.

"கழட்டினதை வாயில வைக்கிற வயசாங்க இது? கிண்ணத்துல போடுங்க."

மோட்டார் வெளியே வந்தது. சின்னத் தேங்காய் அளவுதான். விசிறிக் கூண்டை அவர் தட்டியபோது கற்பூர மர இலைகள் நொறுங்கிக் கொட்டின. எல்லாம் வருஷக்கணக்கில் முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துளை வழியாக உள்ளே போனவை.

மேசையில் வைத்துப் பின் மூடியைக் கழற்றினார். அச்சு சுற்றுவதற்காக உள்ளே ஒரு பித்தளை வளையம் இருந்தது. புஷ் என்பார்கள். அதைச் சுற்றிலும் கரும்பழுப்பாக ஒரு பசை, கெட்டியாக, பாகு முறிந்ததுபோல.

பூரணி விரலால் தொட்டு மூக்கில் வைத்தாள். அவரைப் பார்த்தாள். விரலை அவர் மூக்கிடம் நீட்டினாள்.

பல வருஷப் பழைய சிக்கு வாடை. அதற்கு அடியில் வேறொரு வாசம். மாசிலாமணிக்கு உடனே தெரிந்தது. தலையணை உறையில் இருந்த வாசம் அது.

"தேங்காய் எண்ணெய்" என்றாள் பூரணி. "யாரு விட்டது?"

"நான்தான்."

"எத்தனை வருஷமா?"

"பதினோரு வருஷம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும்."

"எல்லா மெஷினுக்கும் விடுவீங்களா?"

"தையல் மெஷினுக்கு, கதவுக் கீலுக்கு, சைக்கிளுக்கு, கடைசியா இதுக்கு. காருக்குச் சந்தனம் குங்குமம் வச்சதும் அவ தலைக்கு வைக்கிற எண்ணெய்ச் சீசாவைக் கொண்டு வந்து கொடுப்பா. 'அத்தைக்கும் ஒரு சொட்டு விடுங்க, வருஷம் பூரா கத்தறா பாவம்'னு சொல்லுவா. கோழி இறகுல நனைச்சு மூடியில இருக்கற ஓட்டை வழியா விடுவேன். விட்டதும் சத்தம் நின்னுடும். பத்து நாள் மூச்சுவிடாது. அப்புறம் மறுபடியும் ஆரம்பிக்கும். அடுத்த வருஷம் கூட ஒரு சொட்டு விடுவோம்."

"அவங்க போனதுக்கு அப்புறம்?"

"விட்டேன். ரெண்டு வருஷமும். இந்த வருஷமும். அதே சீசாவுலேருந்து."

"அதே சீசாவா? இன்னும் எண்ணெய் இருக்குதுங்களா?"

"எனக்குத் தலையில எங்க முடி இருக்கு மேஸ்திரி? இதுக்கு மட்டுந்தான் எடுக்கறது."

பூரணி சிரிக்கவில்லை.

"இந்த மலையில தேங்காய் எண்ணெய் உறையும்னு தெரியாதுங்களா?"

"எங்க வீட்டுல உறைஞ்சதே இல்லையே."

"எங்க வச்சிருப்பாங்க?"

"அடுப்பு மேட்டுல, ஓரமா."

"எப்பவுமா?"

"எப்பவும். இப்பவும் அங்கதான் இருக்கு."

அவள் எழுந்து அடுத்தவரின் மிக்சியை எடுத்து வைத்துக்கொண்டாள்.

மாசிலாமணி கேட்டார். "மேஸ்திரி, அப்ப அவ கொடுத்த எண்ணெய்தான் இதைக் கெடுத்துச்சா?"

"போய் அந்தச் சீசாவைக் கொண்டு வாங்க."

கொண்டுவந்தார். பழைய இருமல் டானிக் சீசா. தகர மூடி. துண்டில் சுற்றி, சட்டைக்குள் வைத்து எடுத்துவந்திருந்தார். உள்ளே எண்ணெய் தெளிவாக, தண்ணீர்போல அசைந்தது.

பூரணி அதை வாங்கிப் பட்டறை வாசலில், வெளிப்பக்கத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். பக்கத்தில் தன்னுடைய மெஷின் ஆயில் டப்பாவையும் வைத்தாள்.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வாங்க."

"இது இங்கேயா இருக்கும்? யாராவது தட்டிவிட்டா?"

"நான் மேல்வீட்டுலதான் குடியிருக்கேன். என் பொறுப்பு."

அவர் டீக்கடை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலை தகரக் கூரைகளெல்லாம் வெளுத்திருந்தன. ஜன்னல் விளிம்பில் உறைபனி பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது. சீசா இருந்த இடத்திலேயே இருந்தது. உள்ளே இருந்தது எண்ணெய் இல்லை. மெழுகுவத்திபோல வெள்ளையாக, இறுகிப்போய் நின்றது.

மாசிலாமணி அதைக் கையில் எடுக்கத் தயங்கினார்.

"கையை நீட்டுங்க" என்றாள் பூரணி.

மெஷின் ஆயில் டப்பாவை அவர் இடது உள்ளங்கையின் மேல் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழுந்து ஓடியது. சீசாவின் மூடியைத் திருகி வலது உள்ளங்கையின் மேல் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பதினோரு வருஷம்" என்றார் அவர். "பதினோரு வருஷம் நாங்களே அதோட கழுத்தைப் பிடிச்சிருக்கோம்."

அவள் சீசாவை மூடினாள்.

"மேஸ்திரி, நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லல."

அவள் ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றினாள். பழைய பல் விளக்கும் பிரஷ் ஒன்றை அவர் முன்னால் வைத்தாள்.

"கழுவுங்க."

அவர் பிரஷைத் தொடவில்லை. அந்தப் பசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதில் எந்த அடுக்கு எந்த வருஷத்தினுடையது என்று யாருக்கும் தெரியாது. அஞ்சுகம் சிரித்துக்கொண்டு சீசாவை நீட்டிய வருஷங்களும் அதில்தான் இருந்தன.

"எல்லாத்தையும் கழுவணுமா?"

"நாளைக்கு என்ன கிழமைங்க?"

"வெள்ளி."

"டீச்சர் வரப்போறாங்களா, வீட்டுல இருக்கப்போறாங்களா?"

மாசிலாமணி பிரஷை எடுத்தார்.

மண்ணெண்ணெய் முதலில் பழுப்பானது. பிறகு கறுப்பானது. மூன்று கிண்ணம் மாற்றினார். நாலாவது கிண்ணத்தில் பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. ஒரு பக்கம் தேய்ந்து நீள்வட்டமாக இருந்தது. அச்சு அதற்குள் ஆடியது.

"இது போச்சு. புதுசு கடைஞ்சு தரேன். போடறது நீங்க" என்றாள் பூரணி.

அவள் லேத்தில் கடைந்து, புது புஷ்ஷை மெஷின் ஆயிலில் ஊறவைத்துக் கொடுத்தாள். அவர் மரச் சுத்தியலால் தட்டி இறக்கினார். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார். அச்சைப் பூட்டி விரலால் சுற்றிவிட்டார். இரண்டு சுற்று சுற்றிச் சட்டென்று நின்றது.

"சுத்துதே" என்றார்.

"நின்னதைப் பாருங்க."

"நிக்கத்தானே செய்யும்?"

"யாரோ பிடிச்சு நிறுத்தின மாதிரி நின்னுச்சு. அதுவா நிக்கணும்."

"நீங்கதானே மாதிரி வேண்டாம்னீங்க?"

"வாய் மட்டும் குறைச்சல் இல்ல. சாய்ஞ்சு இறங்கியிருக்கு. எடுத்துட்டு மறுபடியும் அடிங்க."

இரண்டாம் தடவை எடுக்கும்போது புஷ் கீறல் விழுந்துவிட்டது. அவள் முணுமுணுத்துக்கொண்டே இன்னொன்று கடைந்தாள். இந்தத் தடவை அவர் ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் சுற்றிப் பார்த்தார். ஒரு தட்டு. ஒரு சுற்று. மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. டீ ஆறியது.

மூன்று மணிவாக்கில் விரலால் ஒரு சுண்டு சுண்டினார். அச்சு சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. வேகம் குறைந்து, இன்னும் குறைந்து, எப்போது நின்றது என்று சொல்ல முடியாமல் நின்றது.

பூரணி மெஷின் ஆயில் டப்பாவை அவரிடம் தள்ளினாள்.

"ரெண்டு சொட்டு. மூணாவது விட்டீங்கன்னா வெளியே துரத்திடுவேன்."

மோட்டாரை மாட்டிவிட்டு அவர் புறப்பட்டபோது சீசாவைக் கேட்டார்.

"வேலை முடியட்டும். வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை இன்னும் விடியவில்லை. பனி கார்க் கண்ணாடியில் அப்பியிருந்தது. மாசிலாமணி ஐந்து மணிக்கே என்ஜினை ஓடவிட்டார். என்ஜின் சூடு காட்டும் முள் ஏறும்வரை காத்திருந்தார். சுவிட்சில் கை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்துப் போட்டார்.

ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு காலில் வெதுவெதுப்பாகக் காற்று பட்டது.

அவர் போய் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே விளக்கு எரிந்தது. ஆனால் டீச்சர் இரவு உடையில்தான் வந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, நான் யோசிச்சேன். இன்னைக்கும்…"

"வர வேண்டாம் டீச்சர். வண்டியில அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து பாருங்க. முடியலைன்னா இறங்கிடுங்க."

டீச்சர் கம்பளியைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முகம் கோணியபடி காத்திருந்தார். ஒரு நிமிஷம் போனது. காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.

"அத்தை எங்க அண்ணே? சத்தத்தையே காணோம்." அஞ்சுகம் அவருக்கும் சொல்லியிருந்தாள்.

"ஊருக்குப் போயிட்டாங்க."

"திரும்பி வருவாங்களா?"

"மாட்டாங்க டீச்சர்."

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு வெந்நீர்ப் பையை அவரிடம் நீட்டினார்.

"இதை வீட்டுல வச்சுட்டு வாங்க. நான் உடுத்திட்டு வந்துடறேன்."

ஊட்டி போகும் வழியில் டீச்சர் மேல் கம்பளியை அவிழ்த்துப் பின்சீட்டில் போட்டார். பள்ளியில் ஒரு வாண்டு தன்னை 'மிஸ்' என்பதற்குப் பதிலாக 'அம்மாச்சி' என்று கூப்பிடுவதைச் சொல்லிச் சிரித்தார். விசிறிச் சத்தம் இருந்த இடத்தில் இப்போது டீச்சரின் பேச்சு இருந்தது. ஒரு சொல் விடாமல் அவருக்குக் கேட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் டீச்சர் இறங்கினார். மாசிலாமணி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தார். டீச்சர் திரும்பிப் பார்த்து எதையும் சொல்லிவிடக் கூடாதே என்றிருந்தது. டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக உள்ளே போனார்.

பதினொன்றரைக்கு வெளியே வந்தார்.

கோத்தகிரி வரும்வரை முன்சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.

அன்று மதியம் மாசிலாமணி ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் ஒரு சீப்பு வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

"என்னங்க இது?"

"குருதட்சிணை."

"வெத்தலை போடற வயசாங்க எனக்கு? பழத்தை வைங்க. டீச்சர் வந்தாங்களா?"

"வந்தாங்க. திங்கக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பறோம்னு அவங்களே கேட்டாங்க."

பூரணி தலையாட்டினாள். ஒரு பழத்தை உரித்துச் சாப்பிட்டாள். மாசிலாமணி ஸ்டூலில் உட்காராமல் நின்றார்.

"மேஸ்திரி."

"சொல்லுங்க."

"மூணாவது தடவை கேக்கறேன். நாங்க செஞ்சதுதானே அதைக் கெடுத்துச்சு? அந்தச் சீசாவை இனி வீட்டுல வச்சுக்கலாமா, கொட்டிடணுமா?"

பூரணி எழுந்து ஜன்னலுக்குப் போனாள். வெளி விளிம்பில் இப்போது வெயில் முழுசாக அடித்தது. சீசாவை எடுத்துவந்தாள். எண்ணெய் உருகித் தெளிந்து, அடியில் இருந்த கண்ணாடிக் குமிழிகூடத் தெரிந்தது.

"கையைக் காட்டுங்க."

நீட்டினார். மண்ணெண்ணெயும் மூன்று நாள் பனியும் பட்டு விரல் கணுக்களெல்லாம் வெடித்திருந்தன. இரண்டு இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. அவரே அதை அப்போதுதான் பார்த்தார்.

அவள் நாலு சொட்டு விட்டாள்.

"தேய்ங்க."

தேய்த்தார். முதலில் எரிந்தது. பிறகு எரிச்சல் அடங்கியது. அந்த வாசம் மேலே வந்தது. சிக்கு வாடை எதுவும் கலக்காத, நேற்றுத்தான் தலைக்கு வைத்ததுபோன்ற வாசம். அவர் இரண்டு கைகளையும் முகத்துக்கு அருகே வைத்துக்கொண்டு நின்றார்.

பூரணி மூடியைத் திருகி, சீசாவைத் துண்டில் சுற்றி அவர் சட்டைப் பைக்குள் வைத்தாள்.

"இருந்த இடத்துலேயே வைங்க ஐயா. அடுப்போரமா."

மாசிலாமணி நாலாவது தடவை கேட்கவில்லை.

சீசாவில் இன்னும் இரண்டு விரற்கடை எண்ணெய் இருந்தது.